நினிவேக்குப் போகச் சொன்னால்: யோனா புத்தகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் குழுவில் யோனா புத்தகத்தை எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. வாலிபர் கூட்டத்திலும் சரி, பெண்கள் ஐக்கியத்திலும் சரி, கூட்டம் முடிந்து வாசலில் டீ குடிக்கும்போதும் சரி. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன். கீழ்ப்படிதலையும் இரக்கத்தையும் இவ்வளவு நெருக்கமாக முடிச்சுப் போட்டு வைத்த இன்னொரு புத்தகத்தைப் பழைய ஏற்பாட்டில் நான் பார்த்ததில்லை. முதலில் எளிய கேள்விகள், போகப் போகக் கஷ்டமானவை. வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நான்கே அதிகாரம்தான்.

1. யோனான்னாலே மீன் கதைதானே? சண்டே ஸ்கூல்லயே படிச்சாச்சு. பெரியவங்க படிக்க இதுல என்ன இருக்கு?

புத்தகத்தில் மொத்தம் 48 வசனங்கள். அதில் மீன் வருவது மூன்றே மூன்று வசனங்களில். மற்றதெல்லாம் ஒரு மனிதருக்கும் கர்த்தருக்கும் நடுவில் நடக்கிற வழக்கு. அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு ஊருக்குக் கர்த்தர் அவரை அனுப்புகிறார், அவர் எதிர்த்திசையில் ஓடுகிறார், கடலில் எறியப்பட்டு, மீன் விழுங்கி, கரையில் கக்கித் திருப்பி அனுப்பப்படுகிறார், போய்ப் பிரசங்கிக்கிறார், ஊரே மனந்திரும்புகிறது. அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் ஊர் பிழைத்துவிட்டதே என்று பிரசங்கியாருக்குக் கோபம் வருகிறது. சாவதே மேல் என்று ஜெபிக்கிறார். சண்டே ஸ்கூலில் பெரும்பாலும் மூன்றாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். பெரியவர்களுக்கான பாடம் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது.

2. யோனா நிஜமாவே வாழ்ந்த ஆளா? எந்தக் காலம்?

2 இராஜாக்கள் 14:25-ஐப் பாருங்கள். காத்தேப்பேர் ஊரைச் சேர்ந்த, அமித்தாயின் மகன் யோனா என்று அங்கே பெயர் வருகிறது. இஸ்ரவேலை இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலம், கி.மு. 8ஆம் நூற்றாண்டு. நாட்டின் எல்லை திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொன்னார், அப்படியே நடந்தது. சொந்த ஜனத்துக்கு நல்ல செய்தி சொல்லி, அது பலித்தும் போன தீர்க்கதரிசி என்றால் ஊரில் அவருக்கு எப்படிப்பட்ட மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காத்தேப்பேர் இருந்தது செபுலோன் கோத்திரத்தின் பகுதியில், நாசரேத்துக்குப் பக்கத்தில். யோவான் 7:52-இல் கலிலேயாவிலிருந்து ஒரு தீர்க்கதரிசியும் எழும்புவதில்லை என்று பரிசேயர்கள் அடித்துச் சொல்கிறார்களே, அவர்கள் யோனாவை மறந்துவிட்டார்கள்.

3. நினிவேக்காரங்க அப்படி என்னதான் செஞ்சாங்க?

நினிவே இன்றைய ஈராக்கில் மோசூல் நகரம் இருக்கிற இடம், டைகிரிஸ் நதியின் கிழக்குக் கரை. அசீரியர்களின் பெரிய நகரங்களில் ஒன்று. அசீரிய அரசர்கள் தங்கள் கொடுமையை மறைக்கவில்லை, கல்லில் பெருமையாகச் செதுக்கி வைத்தார்கள். யோனாவுக்கு நூறு வருடம் முன்னால் ஆண்ட இரண்டாம் அசூர்நசிர்பால், கலகம் செய்தவர்களின் தோலை உரித்துச் சுவரில் போர்த்தினேன் என்று எழுதி வைத்தவன். இஸ்ரவேலின் ராஜா யெகூ அசீரிய அரசன் காலில் விழுந்து கப்பம் கட்டுகிற காட்சி செதுக்கிய கறுப்புக் கல்தூண் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தச் சம்பவம் கி.மு. 841 வாக்கில்.

ஆக, யோனாவின் ஜனத்துக்கு இது கேள்விப்பட்ட கதை மட்டும் இல்லை, அவமானப்பட்ட ஞாபகம். அவரைத் திட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

4. அப்போ பயந்துதான் ஓடினாரா?

பயம் இருந்திருக்கலாம், ஆனால் அவர் சொல்லுகிற காரணம் வேறு. அதை 4:2 வரைக்கும் புத்தகம் மறைத்து வைத்திருக்கிறது. நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முந்திக்கொண்டு தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். யாத்திராகமம் 34-இல் மோசேக்குக் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள், அங்கே ஆறுதலாக இருந்தவை, இங்கே புகாராக வருகின்றன. தனக்கும் தன் ஜனத்துக்கும் கிடைத்த கிருபை நினிவேக்கும் கிடைத்துவிடுமோ என்பதுதான் அவருடைய கவலை. அவர் உபதேசத்தில் தவறே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நினிவே வடகிழக்கே, 800 கிலோமீட்டருக்கும் மேல். அவர் யோப்பா துறைமுகத்துக்கு இறங்கி, கூலி கொடுத்து, மேற்கே போகிற கப்பலில் ஏறுகிறார். தர்ஷீஸ் ஸ்பெயின் பக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். அப்போஸ்தலர் 10-இல் பேதுரு இருந்ததும் இதே யோப்பாதான். ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குப் போ என்று ஆவியானவர் சொன்னபோது, பேதுரு திகைத்தார், கேள்வி கேட்டார், ஆனாலும் மறுநாள் கிளம்பிவிட்டார். இரண்டையும் ஒரே உட்காரலில் படித்துப் பாருங்கள்.

5. கப்பல்ல இருந்தவங்க விக்கிரகாராதனைக்காரங்கதானே? அவங்களைப் பத்தி ஏன் இவ்வளவு எழுதியிருக்கு?

எனக்கு முதல் அதிகாரத்தில் மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்தான். புயல் வருகிறது, அவரவர் தம்தம் தேவனை நோக்கிக் கூப்பிடுகிறார்கள், சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மெய்த் தேவனை அறிந்தவரோ கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை. எழுந்து ஜெபம் பண்ணு என்று மாலுமி வந்து தீர்க்கதரிசிக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அப்புறம், யோனாவால்தான் இந்தப் புயல் என்று தெரிந்த பிறகும், என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொன்ன பிறகும், அவர்கள் உடனே போடவில்லை. கரை சேர்ந்துவிட முடியுமா என்று தண்டுவலித்துப் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் உயிருக்காக அவ்வளவு பாடு.

தேவனை அறியாதவர்களிடம் இரக்கம் இருக்காது என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகக்கூடாது. ஒரு ஊரே அழியப்போகிறது என்று தெரிந்தும் யோனா விலகிப் போனார், இவர்கள் ஒரே ஒரு ஆளுக்காகக் கை வலிக்கத் தண்டு பிடித்தார்கள்.

6. ஒரு மனுஷன் மூணு நாள் மீன் வயித்துக்குள்ள உயிரோட இருக்க முடியுமா?

இயற்கையாக முடியாது, புத்தகமும் அதை இயற்கை என்று சொல்லவில்லை. நடந்த அற்புதம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன். பாடம் சொல்ல எழுதப்பட்ட கதை என்று நினைக்கிற விசுவாசிகளும் இருக்கிறார்கள். இயேசு தம் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பற்றிப் பேசும்போது யோனாவின் அடையாளத்தைத்தான் எடுத்துக் காட்டினார் (மத்தேயு 12). இந்த ஒரு கேள்வியிலேயே மாலை முழுவதும் போய், நான்காம் அதிகாரத்துக்கு நேரமில்லாமல் போன கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் நகர்ந்துவிடலாம்.

7. மீன் வயித்துலேயே யோனா மனந்திரும்பிட்டார்ல? அப்புறமும் ஏன் கோபம்?

இரண்டாம் அதிகார ஜெபத்தைத் தேடிப் பாருங்கள். நன்றி இருக்கிறது, பொருத்தனை இருக்கிறது, "இரட்சிப்பு கர்த்தருடையது" என்ற அருமையான அறிக்கையும் இருக்கிறது. நினிவே என்ற பேச்சே இல்லை. ஓடிப்போனது தப்பு என்ற வார்த்தையும் இல்லை. பொய்யான மாயையைப் பற்றிக்கொள்கிறவர்கள் கிருபையை இழக்கிறார்கள் என்று வேறு சொல்கிறார். அப்படிப்பட்ட ஆட்கள் என்று அவர் நினைத்திருக்கக்கூடிய அந்த மாலுமிகள் அதற்குள் மேலே கர்த்தருக்குப் பலியிட்டுப் பொருத்தனை பண்ணியாயிற்று (1:16).

தப்பித்ததற்கான நன்றி உண்மையான நன்றிதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் பிழைத்தேன் என்ற சந்தோஷம், அவனும் பிழைக்கட்டும் என்ற ஆசையாகத் தானாகவே மாறிவிடாது. நம் சாட்சிக் கூட்டங்களிலும் இதைக் கவனித்திருப்பீர்கள்.

8. மனசு இல்லாம கீழ்ப்படிஞ்சா கணக்குல சேருமா? செய்யாம இருக்கிறதே மேல் இல்லையா?

செய்யாமல் இருப்பது மேல் இல்லை. யோனா அரைமனதோடுதான் போனார். "இன்னும் நாற்பது நாள், நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்ற அளவில் பிரசங்கம் முடிந்துவிடுகிறது. யார் அனுப்பினார் என்று சொன்னதாகப் பதிவு இல்லை, தப்பிக்க வழி உண்டு என்றும் சொன்னதாக இல்லை. இருந்தும் ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தார், மாடுகளுக்குக்கூடத் துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணியான இரட்டு உடுத்தினார்கள். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் நாற்பது நாள் கழிந்திருக்கும். மனது வரும்வரை காத்திருக்காமல் போங்கள்.

ஆனால் கர்த்தர் அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் பாருங்கள். அனுப்பிய வேலை மூன்றாம் அதிகாரத்தில் முடிந்துவிட்டது. வேலை மட்டும்தான் வேண்டுமென்றால் அங்கேயே புத்தகம் முடிந்திருக்கும். வேலைக்காரனும் அவருக்கு வேண்டும், அதனால்தான் நான்காம் அதிகாரம்.

9. அழிப்பேன்னு சொல்லிட்டு அழிக்கலையே, கர்த்தர் பேச்சு மாறிட்டாரா?

எரேமியா 18:7-8-இல் பதில் நேராக இருக்கிறது. ஒரு ஜனத்தை அழிப்பேன் என்று நான் சொல்லும்போது அந்த ஜனம் தீமையை விட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாமல் விடுவேன் என்கிறார். அழிக்க மட்டும் நினைத்தவர் நாற்பது நாள் தவணை கொடுத்து ஆளனுப்பிச் சொல்லமாட்டார்.

10. அந்த ஆமணக்குச் செடி எதுக்கு? அது எனக்குப் புரியவே இல்லை.

நம் ஊரில் வேலியோரம் ஆமணக்கு எவ்வளவு வேகமாக வளரும் என்று உங்களுக்கே தெரியும், இங்கே ஒரே ராத்திரியில் வளர்ந்தது. ஊருக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்க்க யோனா நகரத்துக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். செடி நிழல் தருகிறது, அவருக்கு மிகுந்த சந்தோஷம். புத்தகம் முழுக்க அவர் சந்தோஷப்பட்டதாகச் சொல்லியிருப்பது இந்த ஒரே இடத்தில்தான். மறுநாள் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது, கிழக்கத்திக் காற்றும் வெயிலும் தலையில் அடிக்கிறது, மறுபடியும் சாகவேண்டும் என்கிறார்.

அப்போது கர்த்தர் கேட்கிறார். நீ நடாத, தண்ணீர் ஊற்றாத ஒரு செடிக்காக உனக்கு மனது வலிக்கிறதே, வலதுகை இடதுகை வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக எனக்கு வலிக்கக்கூடாதா? அந்த 1,20,000 பேர் சிறு குழந்தைகள் என்று சிலர் சொல்கிறார்கள், நல்லது கெட்டது தெரியாமல் வளர்ந்த முழு ஜனமும்தான் என்று வேறு சிலர். கடைசியாக மிருகஜீவன்களையும் சேர்த்துச் சொல்கிறார். சரி, மனிதர்கள்மேல்தான் உனக்குக் கோபம், அந்த மாடுகள் என்ன செய்தன என்று கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

யோனாவிடம் இரக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது, அது தன் தலைக்கு மேல் இருந்த நிழலோடு நின்றுவிட்டது. கர்த்தர் அந்தச் சின்ன வலியை ஏளனம் செய்யாமல் அதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறார்.

11. எங்கட சனத்தைக் கொன்றவைக்காக நான் எப்பிடி ஜெபிக்கிறது? இது யோனாவின்ர கேள்விதானே?

ஈழத்திலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டது இது. ஆமாம், யோனாவின் கேள்வியேதான், மூன்றாவது பதிலில் சொன்ன அந்த ஞாபகத்தோடு கேட்கிற கேள்வி. வீட்டில் இழப்பு இல்லாத நான் அவர்களுக்கு வேகமாகப் பதில் சொல்லக்கூடாது. புத்தகத்தில் நான் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். கோபப்பட்டதற்காகக் கர்த்தர் யோனாவைத் தண்டிக்கவில்லை. நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று இரண்டு தடவை கேட்டு, அவர் பதிலுக்குக் கத்தியதையும் கேட்டுக்கொண்டார். அந்தக் கோபத்தை ஜெபத்தில் அப்படியே கொட்டலாம். சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

இன்னொன்று, நினிவேக்குக் கிடைத்த இரக்கம் குற்றத்தை மூடி மறைத்த இரக்கம் இல்லை. அவரவர் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும் என்று ராஜாவின் கட்டளையிலேயே இருக்கிறது (3:8). கொடுமை செய்தவர்களே அதைக் கொடுமை என்று ஒத்துக்கொண்டார்கள். அதனால் அவர்கள் மனந்திரும்பவேண்டும் என்று ஜெபிப்பதும் நீதி வேண்டும் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்த அம்மாக்களிடம் போய், மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல யோனா புத்தகத்தைக் கையில் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அடிக்கிற கணவனோடு பொறுத்துப் போ என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கும் இது உதவாது.

12. அந்த நினிவே திரும்பவும் கெட்டுப்போச்சே. அப்போ யோனா போனது வீண்தானே?

உண்மைதான், அசீரியா திரும்பவும் வாளை எடுத்தது. கி.மு. 722 வாக்கில் சமாரியா, அதாவது யோனாவின் சொந்த நாட்டுத் தலைநகரமே, அவர்கள் கையில் விழுந்தது. நாகூம் தீர்க்கதரிசி நினிவேக்கு விரோதமாக ஒரு புத்தகமே எழுதினார். கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்த நகரத்தை அழித்தார்கள். ஒன்பதாவது பதிலில் சொன்னது இரண்டு பக்கமும் ஓடும், திரும்பினால் இரக்கம், மறுபடியும் கொடுமைக்குப் போனால் நியாயத்தீர்ப்பு.

வீண் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்த ஊரில் இருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அது வீண் இல்லை. அதோடு, பிற்காலத்தில் அதே மண்ணில் சுரியானி மொழியில் ஆராதிக்கிற சபைகள் வேர்விட்டன. தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்னால் மூன்று நாள் நினிவே நோன்பு என்று ஒன்றை இன்றைக்கும் அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமும் அது உண்டு, மூன்று நோன்பு என்பார்கள், குறவிலங்காடு ஆலயத்தில் யோனாவின் பயணத்தை நினைத்துக் கப்பலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். 2014-இல் ஐஎஸ் அமைப்பு மோசூலிலிருந்து கிறிஸ்தவர்களைத் துரத்தியது, அதே மாதம் யோனாவின் கல்லறை என்று முஸ்லிம்களும் போற்றிவந்த நபி யூனுஸ் பள்ளிவாசலையும் வெடிவைத்துத் தகர்த்தது. துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நினிவே சமவெளி ஊர்களுக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஆலய மணி அடிக்கிறார்கள். இதையெல்லாம் யோனா பார்க்கவில்லை. கீழ்ப்படிந்தவர்கள் பலன் முழுவதையும் பார்த்துவிட்டுப் போவதில்லை.

13. எங்க வீட்ல எல்லாரும் கோயிலுக்குப் போறவங்க. அவங்களை 'தேவனை விட்டுத் தூரமானவங்க'ன்னு நினைக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு, தம்பி.

கஷ்டமாக இருப்பது நல்லதுதான் அக்கா. எபேசியர் 2:13-இல் "தூரமாயிருந்த நீங்கள்" என்று பவுல் சொல்வது விசுவாசிகளைப் பார்த்து. தூரம் என்பது நாம் பிறந்த விலாசம், அதை மறந்துவிட்டு அடுத்தவர் நெற்றியில் எழுதும்போதுதான் தொல்லை. கப்பல்காரர்களை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள் (ஐந்தாவது பதில்). உங்கள் அம்மாவிடம் இருக்கிற இரக்கத்தைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

நடைமுறையில் கேட்டால், சாவு வீட்டில் கைப்பிரதி கொடுக்காதீர்கள், பாத்திரம் கழுவிக் கொடுங்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தால் இராத்திரி துணைக்கு இருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட்டு வீட்டில் போய் ஜெபியுங்கள். இயேசுவைப் பற்றி அவர்களாகக் கேட்டால் வெட்கப்படாமல், மறைக்காமல் சொல்லுங்கள். ஆட்களைச் சேர்க்கிற கணக்கில் ஒருவராகத் தங்களைப் பார்க்கிறோமா என்பது வீட்டு மனிதர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

14. ரொம்ப இரக்கம் இரக்கம்னு பேசினா பாவத்தைப் பாவம்னு சொல்ல மாட்டோமே?

யோனா சொன்னார், பூசி மெழுகாமல் சொன்னார். சொல்லுவதில் அவருக்குக் கஷ்டமே இல்லை, அவர்கள் கேட்டுத் திருந்திவிட்டதுதான் கஷ்டமாகிவிட்டது. ஆகவே கண்டித்துப் பேசுகிற ஒவ்வொருவரும், நான் உட்பட, ஒன்றை யோசிக்கவேண்டும். நான் யாரைக் கண்டிக்கிறேனோ அவர் நாளைக்கு மனந்திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திருவிருந்தில் அப்பம் எடுத்தால் எனக்குச் சந்தோஷமா? குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர், சபையில் சண்டை போட்டுப் பிரிந்து போனவர், யாராக இருந்தாலும் சரி. சந்தோஷம் என்றால் பேசுங்கள். இல்லை என்றால் முதலில் ஜெப அறைக்குப் போங்கள். லூக்கா 15-இல் தம்பி திரும்பி வந்தபோது வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நின்ற அண்ணனும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

15. எனக்கு உண்மையாவே இரக்கம் வரலை. நடிக்கவும் பிடிக்கலை. என்ன செய்யுறது?

நடிக்கவேண்டாம். வரவில்லை என்பதைக் கர்த்தரிடம் அப்படியே சொல்லுங்கள், யோனா சொன்னதைவிட மோசமாக ஒன்றும் உங்களால் சொல்லிவிட முடியாது. அவருக்கு மீனும், செடியும், பூச்சியும், கேள்வியும் அனுப்பிக் கடைசி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தவர் உங்களோடும் பேசுவார். நினிவேமேல் காட்டிய பொறுமையை அவர் யோனாமேலும் காட்டினார். கர்த்தரின் கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது, யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

அதற்குள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குடிசை ஊருக்கு வெளியே இருந்தது. மனந்திரும்பிய ஒரு நினிவேக்காரன் வீட்டில் யோனா உட்கார்ந்து தண்ணீர் குடித்ததாகவோ, ஒருவரிடமாவது பெயர் கேட்டதாகவோ எங்கேயும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் ஊராகத்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், பிடிக்காதவராகவே இருக்கட்டும். அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவருக்கு இராத்திரி தூக்கம் வருகிறதா, கடன் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு நெருங்கிப் போங்கள், பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஒரு மாதம் கழித்து வேதபாடத்துக்கு வரும்போது என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், அங்கிருந்து பேசுவோம்.